கரைப்பக்கத்து என்ஜின்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திருச்செந்தூர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, கிழக்கே பார்த்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்ல முடியும். ஒரு மணல் அளவுக்குப் பொய் கலந்திருந்தால், இனி சாகிற வரைக்கும் எனக்கு வாய்க்கிற வெற்றிலை எல்லாம் சுண்ணாம்பில்லாமலே வாய்க்கட்டும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆணை என்று தெரியும். மற்றவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். தூத்துக்குடி பீச் ரோட்டில் மந்திரமூர்த்தி கடை வைத்திருந்தான். தோணிக்கு வேண்டிய கயிறு, தார், ஆணி, பாய்த்துணி எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காதது மந்திரமூர்த்தி மட்டும்தான். அவனுக்கு உட்கார வராது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் தராசு ஆடும். தராசு ஆடுகிற கடையில் எவன் சாமான் வாங்குவான்? அதனால் கடையின் நலத்துக்காகவே அவன் வெளியில் அலைந்துகொண்டிருந்தான். கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையில் மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் பார்த்தால் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான்.

பெண்ணுக்கு ஊர் முள்ளுவடலி. அது தேரிக்குள் இருக்கிறது. தேரி என்றால் செம்மணல் காடு. மணலும் பனையும் தவிர அங்கே வேறு ஒன்றும் முளைக்காது. காற்றடித்தால் நேற்று இருந்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். கல்யாணம் முடிந்து சித்திரை வெயிலில் பெண்ணை அழைத்து வருகிறபோது, வண்டி நிற்கிற ரோடு வரைக்கும் தேரியில் நடந்துதான் வரவேண்டியிருந்தது. மந்திரமூர்த்தி முன்னால் நடந்தான். நடந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. ரோட்டுக்கு வந்து, மாட்டைத் தடவிக் கொடுத்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, வண்டிக்காரனின் பூர்வீகம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான், கூட ஒரு பெண்டாட்டி வரவேண்டும் என்பது அவனுக்கு நினைவு வந்தது. சீனித்தாய் வந்து சேர்ந்தபோது உள்ளங்கால் இரண்டும் பப்படமாகப் பொரிந்திருந்தது. ஆடிக்குத் தாய்வீட்டுக்காரர்கள் வந்து அழைத்தார்கள், போனாள். ஆடி முடிந்தது. அவள் வரவில்லை.

பேச்சிதான் சேதி கொண்டுவந்தாள். முள்ளுவடலியிலிருந்து கருப்பட்டி சுமந்து வந்து விற்கிறவள்.

"அண்ணாச்சி, வீட்டம்மா ஒரு சேதி சொல்லி விட்டுருக்காவ."

"என்னளா சேதி?"

"ஒரு எடத்துல நில்லுங்க, சொல்லுதேன். நீங்க இப்படி நடந்தா பாதிச் சேதி இங்கன விழும், பாதி அங்கன விழும்."

மந்திரமூர்த்தி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"'நா இனி அவுக பின்னால தேரியில கால வைக்க மாட்டேன். எங்கய்யா வீட்டு வாசலுக்கு வண்டி வரணும். அவுகளே ஓட்டிட்டு வரணும்.' இதான் சேதி."

"மாட்டு வண்டியே அச்சு முங்கிப் போற எடத்துல எந்த வண்டிளா வரும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அம்புட்டு வேகமா முன்னால நடக்கத் தெரிஞ்சவுகளுக்கு இது தெரியாதா'ன்னுட்டாவ." பேச்சி சும்மாட்டை உதறித் தலையில் வைத்தாள். "ஒங்க மாமனாரு வேற, ஆவணி கடைசி வெள்ளிக்குள்ள வரலைன்னா, சீரு குடுத்த பாத்திரத்தை ஆளு விட்டு எடுக்கப்போறேன்னு சொல்லுதாரு."

சீர்ப் பாத்திரம் திரும்பிப் போனால் பெண் திரும்பி வரமாட்டாள். தேரிப் பக்கத்தில் தீர்த்துவிடுவதற்கு அதுதான் அடையாளம். பேச்சி போன பிறகு மந்திரமூர்த்தி அடுக்களைக்குப் போய் அண்டாவைத் தொட்டுப் பார்த்தான். அது சத்தமில்லாமல் இருந்தது. அவன் கை பட்டதும் கிடுகிடுவென்று ஆடியது.

பட்டாளத்தார் விட்டுப்போன ஜீப் ஒன்று துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுப்பு உள்ள வண்டி. மணலில் போவதற்கென்றே செய்தது. அதில் எல்லாம் இருந்தது, என்ஜின் மட்டும் இல்லை. என்ஜின் இருந்தாலும் பிரயோசனம் இல்லை, பெட்ரோல் அப்போது கூப்பனுக்குத்தான். கயிற்றுக்கடைக்காரனுக்குப் பெண்டாட்டியை அழைத்துவரக் கூப்பன் கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆகையால் டீசல் என்ஜின் வைப்பது என்று முடிவானது.

மெக்கானிக் தேவமணி நாசரேத்துக்காரர். எந்த மிஷினைத் தொடுவதற்கு முன்னாலும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஜெபம் பண்ணுவார். ஜெபத்தின் நீளத்தை வைத்து வேலையின் கஷ்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஜீப்பைப் பார்த்துவிட்டு அவர் முழங்கால் போட்டபோது காலை வெயில். எழுந்தபோது கடையில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது.

"ஆயில் என்ஜினுக்கு எங்க போறது அண்ணாச்சி?" என்றார்.

அதற்குப் பவுல் தண்டல் வழி சொன்னார். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர், தோணிக்குத் தண்டல் அவர். அவருடைய அப்பா முத்துச் சலாபத்தில் கயிறு பிடித்தவர். முத்துக்குளிக்கிறவன் கடலுக்கடியில் இருக்கிறபோது அவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். கீழிருந்து சுண்டினால் தூக்கவேண்டும். வானம் இடிந்து விழுந்தாலும் கயிற்றை விடக்கூடாது. பவுல் அந்தப் பெருமையில் வேட்டி அவிழ்ந்தாலும் ஒரு கையால்தான் கட்டுவார், இன்னொரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்.

துறைமுகத்தில் பழைய லாஞ்ச் ஒன்றை உடைத்துப் போட்டிருந்தார்கள். அடியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி இரண்டு வைத்த லாஞ்ச், அதனால் என்ஜினும் இரண்டு. இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்றை உப்பளத்துக்காரர் தண்ணீர் இறைக்கக் கேட்டிருந்தார். எதை வேண்டுமானாலும் முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உடைத்தவர்கள் மந்திரமூர்த்தியிடம் சொல்லிவிட்டார்கள்.

"எதை எடுக்க?" என்றான் மந்திரமூர்த்தி, இரண்டு என்ஜினுக்கும் நடுவில் நடந்துகொண்டே.

பவுல் இரண்டையும் மோந்து பார்த்தார். "இந்த லாஞ்ச் என்னைக்கும் இடப்பக்கத்தைத்தான் மேடையில அணைச்சுக் கட்டும். அப்ப எடது என்ஜின் கரைப்பக்கம். வலது என்ஜின் கடப்பக்கம், ஆயுசு பூரா உப்புக்காத்துக் குடிச்சது, நெஞ்சுச்சளிக்காரன் மாதிரி. கண்ண மூடிக்கிட்டுக் கரைப்பக்கத்து என்ஜினை எடு மந்திரம்."

இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய தோணியை உடைத்து விற்கிறபோது துறைமுகத்தில் கரைப்பக்கத்துப் பலகைக்குத்தான் கிராக்கி. தேவமணியும் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள்.

என்ஜினைச் சங்கிலியில் தூக்கி ஜீப்பின் மூக்கில் இறக்கினதும் ஜீப் பின்னங்கால் இரண்டையும் தூக்கிச் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டது. எதிரே சந்தனமாரியம்மன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. "விக்கிரகத்துக்கு விழுந்து கும்பிடுத வண்டிக்கு நான் பொறுப்பில்லை" என்று தேவமணி ஸ்பானரைக் கட்டி எடுத்துக்கொண்டார். காலண்டரைத் திருப்பி மாட்டிய பிறகுதான் வேலை நடந்தது. லாரி வில்லுப் பட்டைகளைக் கொண்டுவந்து முன்பக்கத்தைத் தாங்க வைத்தார்கள். பின்னால் உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். என்ஜின் தலை, ஓட்டுகிறவன் தலைக்கும் மேலே நின்றது. அதற்கும் மேலே புகைக்குழாய். ஓட்டுகிறவனுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. "முன்னால வாரவனுக்கு நம்ம வாரது தெரியும்லா, அது போதும்" என்றார் தேவமணி.

அந்த என்ஜினைக் கிளப்புவது லேசான காரியமில்லை. ஊதுவிளக்கு வைத்து அதன் மண்டையைச் சிவக்கக் காய்ச்சவேண்டும். பிறகு பெரிய சக்கரத்தை ஆட்கள் சேர்ந்து சுற்றவேண்டும். ஒரு நாள் முழுக்கச் சுற்றிய பிறகு அது ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது. இனி இதை நிறுத்தினால் மறுபடியும் கிளப்ப ஊரில் ஆள் கிடையாது என்று தெரிந்தது. அதனால் நிறுத்தவே இல்லை.

அந்த வாரம் முழுக்க பீச் ரோடு ஆடியது. கடையில் கலந்து கிடந்த ஆணிகள் தாமாகவே பிரிந்து, சிறிசு எல்லாம் கீழேயும் பெரிசு எல்லாம் மேலேயும் போய் நின்றன. அக்கம்பக்கத்துப் பெண்கள் தயிர்ப்பானையைக் கொண்டுவந்து ஜீப்பின் மட்கார்டில் வைத்துவிட்டு, பால்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்து வெண்ணெயை எடுத்துக்கொண்டு போனார்கள். பவுலின் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது, அது கெட்டிப்பட்டுவிட்டது. மற்றவர்களுக்கு எல்லாம் ஆட ஆரம்பித்தது. மந்திரமூர்த்திக்கு மட்டும் ஒரு நிம்மதி. ஊரே ஆடுகிறபோது தன் கால் ஆடுவதை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் தூங்கவில்லை. அடுக்களையில் அண்டாவும் குத்துவிளக்கும் நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ராத்திரி எழுந்து எழுந்து அவற்றை உள்ளே தள்ளி வைத்தான்.

வியாழக்கிழமை வெள்ளோட்டம். மந்திரமூர்த்தி ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டான். ஜீப் பின்னால் போய்த் தார்ப்பீப்பாயை உடைத்தது.

"கியரு மாறி விழுந்துட்டு" என்றார் தேவமணி. "ரெண்டாவதைப் போடுங்க."

இரண்டாவது கியரில் இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் பீச் ரோட்டின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டது. திரும்பி வருவதற்கு ரிவர்ஸ் போட்டான். முன்னால் வந்தது. நத்தை வருகிற மாதிரி வந்தது.

தேவமணி கொஞ்சநேரம் ஜெபம் பண்ணினார். பிறகு எழுந்து சொன்னார். "அண்ணாச்சி, ரெட்டை விசிறி லாஞ்ச்சுல ஒரு விசிறி வலத்தைச் சுத்தும், ஒண்ணு இடத்தைச் சுத்தும். ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா லாஞ்ச் வட்டம் போடும். நாம எடுத்தது எடக்கைப் பிறவி. முன்னால போற கியரு மூணும் பின்னால போவும். பின்னால போறது முன்னால போவும்."

எல்லாரும் பவுலைப் பார்த்தார்கள். பவுல் கடலைப் பார்த்தார்.

"உப்புக்காத்து குடிக்காத என்ஜினா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.

மற்ற என்ஜினுக்கு உப்பளத்தில் அஸ்திவாரம் கட்டித் தளம் பூசியாகிவிட்டது. விடிந்தால் வெள்ளி. மந்திரமூர்த்தி ஜீப்பைச் சுற்றி ஒரு நடை, கடையைச் சுற்றி ஒரு நடை, சுங்கக் கச்சேரி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தான்.

"பின்னால போனா என்ன? வாசல் வரைக்கும் போவுமா, போவாதா?"

"போவும்" என்றார் தேவமணி. "சொல்லப்போனா மணலுக்கு அதுதான் நல்லது. லேசான பக்கம் முன்னால ஏறும், கனத்த பக்கம் பின்னால தள்ளிக் குடுக்கும். ஆனா வழியைப் பாக்குறது யாரு?"

"நா பாக்கேன்" என்றார் பவுல். "கயிறு கொண்டா."

பவுல் உப்பு மூட்டைமேல் ஏறிப் போகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டார். மந்திரமூர்த்தி என்ஜினைப் பார்த்து உட்கார்ந்தான். அவனுடைய இரண்டு புஜத்திலும் கயிறு கட்டி, நுனி பவுல் கையில். வலது கயிற்றைச் சுண்டினால் வலது. இடதைச் சுண்டினால் இடது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் நிறுத்தவேண்டும். சலாபத்துக் கயிற்றுப் பேச்சு, தரைக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றியது. திருப்புகிற சக்கரம் பின்னால் வந்துவிட்டதால் ஜீப் தோணி சுக்கானுக்குத் திரும்புகிற மாதிரித் திரும்பியது. பவுலுக்கு அது பரம திருப்தி.

முக்காணி தாண்டி ஆத்தூருக்குள் போகிறபோது ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வண்டியின் முதுகைப் பார்த்ததும் அது தன்னைத் தாண்டிப் போய்விட்டதென்று எண்ணிக் கையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகுதான் வண்டி அவரிடம் வந்து தாண்டியது. ஆறுமுகநேரியில் ஒரு கிழவி, யாரோ ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

தேரிக்குள் இறங்கினதும்தான் அந்த என்ஜினின் அருமை தெரிந்தது. அது ஆடுகிற ஆட்டத்தில் சக்கரத்துக்கடியில் மணல் உதிர்ந்து உதிர்ந்து தண்ணீராகிவிட்டது. ஜீப் புதையவில்லை. மிதந்தது.

"இப்பச் சரியா இருக்கு" என்றார் பவுல்.

ஆடிக்காற்று குவித்து வைத்த மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அலைபோல வந்தன. மூன்றாவது கியரில் ஏறி இறங்கி ஏறிப் போகிறபோது, ஒரு பெரிய மேட்டின் உச்சியில் ஜீப் துள்ளியது. பவுல் பக்கவாட்டில் பறந்து மணலில் விழுந்தார். ஜீப் அவரைத் தாண்டிப் போனது. ஆனால் அவர் கயிற்றை விடவில்லை. விடுகிற வம்சம் இல்லை. என்ஜினுக்கு முன்னால், கயிற்று நுனியில், மணலில் குப்புற இழுபட்டுக்கொண்டே வந்தார். என்ஜின் மறைத்ததால் மந்திரமூர்த்திக்கு அது தெரியாது. பவுல் புரள்கிற புரளலில் வலது சுண்டியது, வலது திருப்பினான். இடது சுண்டியது, இடது திருப்பினான். தண்டல் இன்றைக்கு நுணுக்கமாக வழி சொல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டான். ஒரு பனையில்கூட முட்டவில்லை. கண் திறந்து வழி சொல்லியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்க முடியாது என்று பவுலே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

முள்ளுவடலியில் மாமனார் சிவனணைந்தபெருமாள், பாத்திரம் எடுக்கப் போகிற ஆட்களுக்கு வாசலில் நின்று கூழ் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் அவர் கையிலிருந்த செம்பு ஆடியது. பிறகு வீட்டு ஓடுகள் ஆடின. பிறகு ஒரு ஜீப்பின் முதுகு பனைகளுக்கிடையில் புகுந்து வந்தது. அதே நேரத்தில் பவுல் முற்றத்துப் பனை ஒன்றில் வந்து மோதி, அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் விறைத்தன. மந்திரமூர்த்தி நிறுத்தினான். வண்டிக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு கோழி நின்றது. அது நகரவேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி இறங்கினான். இறங்கினதும் கால் ஆட ஆரம்பித்தது.

"மாமா, வண்டி கொண்டாந்துட்டேன்."

சிவனணைந்தபெருமாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு மூஞ்சி எதுவே?"

"அங்கன, என்ஜின் இருக்க பக்கம்."

"அது எங்க பாக்கு? தூத்துக்குடியைப் பாக்கு. மாமனார் வீட்டுக்கு எவனாவது முதுகைக் காட்டிக்கிட்டு வருவானாவே? வாசலுக்கு மூஞ்சியைக் காட்டுனா வந்த வண்டி. முதுகைக் காட்டுனா போற வண்டி. இது போற வண்டி. வண்டி வரலை. ஏலே, பாத்திரத்துக்குப் புறப்படுங்கலே."

ஜீப்பைத் திருப்பி நிறுத்தலாம் என்றால், அந்த முற்றத்தில் அதற்கு இடமில்லை. பவுல் வாய் நிறைய மணலோடு பனையடியிலிருந்து ஏதோ நியாயம் சொன்னார், யாருக்கும் விளங்கவில்லை.

சீனித்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். புடைவைக் கட்டு இடுப்பில் இருந்தது. எப்போது கட்டி வைத்ததோ.

"யய்யா, இது போற வண்டிதானா?"

"ஆமா."

"தூத்துக்குடிக்குத்தானே போவுது?"

"மூஞ்சி அங்கனதான் பாக்கு."

"அப்ப நா ஏறிக்கிடுதேன்" என்று வாசற்படியிலிருந்து நேரே வண்டியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சிவனணைந்தபெருமாள் யோசித்துப் பார்த்தார். தான் சொன்ன நியாயத்தில் ஓட்டை தெரியவில்லை. "சரி, ஆளுக்கு ஒரு செம்பு கூழ் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்கலே" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வண்டி இப்போது ஊரைப் பார்த்து நேராக நின்றது. நேராகப் போவதற்கு அதற்கு இருந்தது ஒரே கியர், அந்த நத்தைக் கியர். முள்ளுவடலி எல்லையைத் தாண்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஓணான் வந்துகொண்டிருந்தது. கொஞ்சநேரத்தில் அது முன்னால் போய்விட்டது. சீனித்தாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நா எறங்கி நடக்கேன்."

"தேரியில கால வைக்க மாட்டேன்னு சேதி சொல்லி விட்டியே."

"ஒங்க பின்னால வைக்க மாட்டேன்னு சொன்னேன். முன்னால நடக்கதுக்கு எனக்கு என்ன?"

செம்மணல் ஆறியிருந்தது. அவள் இறங்கினாள். மந்திரமூர்த்தியும் இறங்கப் பார்த்தான். "நீங்க எறங்கினா வண்டி யாரு ஓட்டுதது?" என்றாள். அவன் திரும்ப உட்கார்ந்தான். பவுல் இரண்டு கயிற்று நுனியையும் அவளிடம் கொடுத்தார். "பிடிச்சா விடக்கூடாது தங்கச்சி." அவள் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். பவுல் உப்பு மூட்டைமேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார்.

மந்திரமூர்த்திக்கு முன்னால் என்ஜின் மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் அவள் இருக்கிறாள் என்பதற்குக் கயிறு சாட்சி. வலது சுண்டினாள், வலது திருப்பினான். இடது சுண்டினாள், இடது. சிலசமயம் ஒரு காரணமும் இல்லாமல் சுண்டினாள். இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி இருந்தது. பதிலுக்கு ஹாரனை அடித்தான். தேரி ஓடி, ஆறுமுகநேரி ஓடி, ஆத்தூர் ஓடி, எதற்குள் எது போனதென்று தெரியவில்லை. நடுவில் எங்கேயோ அவன் குனிந்து பார்த்தான். கால் ஆடவில்லை. ஜீப்தான் ஆடியது.

மறுநாள் சாயங்காலம் பீச் ரோட்டில் அவள் வீட்டுக்குள் நுழைந்து இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுத்தபோது எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றது. அன்று ராத்திரி அந்தத் தெருவில் சத்தமில்லாததால் ஒருவரும் தூங்கவில்லை. மந்திரமூர்த்தி தூங்கினான்.